கிணற்றடியில் சாப்பிடும் தம்பி

வணக்கம் சகோதரி. உங்கள் பதினாறு வயதுத் தம்பி தனக்கு ஆண்கள் மீதே ஈர்ப்பு என்று சொன்ன நாள் முதல் வீட்டில் யாரும் அவரை அடிக்கவோ ஏசவோ இல்லை, ஆனால் அவர் தட்டை எடுத்துக்கொண்டு கிணற்றடியில் இருந்து சாப்பிடுகிறார், இதையும் பாகுபாடு என்பதா என்று கேட்டிருந்தீர்கள்.

ஆம், பாகுபாடுதான். வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கலுக்கு எல்லோரும் புறப்பட்டபோது ‘நீ வீட்டைப் பார்த்துக்கொள்’ என்று அவரை விட்டுச் சென்றதும், அவருடைய பாயில் உறங்கிப்போன சித்தியின் சிறு மகனை அம்மம்மா ஒன்றும் பேசாமல் தூக்கிச் சென்றதும், திட்டுவதைவிட ஆழமாகப் பதியக்கூடியவை. ஏனெனில் அவற்றுக்கு அவர் மறுமொழி சொல்ல வழியே இல்லை. (நானும் இப்படிப் பாகுபாடு காட்டியவன்தான்: இதே ஐயத்தில், என் மகளின் தோழி வந்தால் அறைக் கதவைத் திறந்து வைக்கச் சொன்னவன் நான். இன்று வெட்கமாக இருக்கிறது.)

நோய் என்று சொல்லும் சித்தப்பாவிடம், உலக சுகாதார நிறுவனம் 1990 இலேயே தற்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டதைச் சொல்லுங்கள். அப்பா அஞ்சும் 365, 365அ பிரிவுகள், ஒரே பாலினத்தவரின் உடலுறவைக் குற்றமாக்குபவை, இலங்கையின் 1883 ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையில் உள்ளவை. அவை செயலைப் பற்றியவை, மனத்தின் ஈர்ப்பைப் பற்றியவை அல்ல. அவற்றைத் திருத்தும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதன்று என்று 2023 இல் நாட்டின் அதியுயர் நீதிமன்றமான உயர் நீதிமன்றம் தீர்மானித்தது.

ஆயினும் குடும்பத்தைக் கூட்டி விவாதிக்க வேண்டாம். தம்பியைக் கேட்காமல் வேறு எவருக்கும் சொல்லவும் வேண்டாம். அவர் உறக்கமோ உணவோ குறைந்து ஒடுங்கினால், 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழையுங்கள். இன்றிரவு உங்கள் தட்டையும் எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய் அவருக்குப் பக்கத்தில் இருங்கள்.