வாசகர் கேள்வி பதில்: சிதறுவதற்குள் ஒரு படம்

கேள்வி: எக்ஸ் கதிர் லேசர் பட்டால் புரதப் படிகம் தூள்தூளாகிவிடும் என்கிறார்கள். தூளான பொருளின் அமைப்பை எப்படிக் கண்டுபிடிக்க முடியும்?
(கல்லூரி மாணவி, திருநெல்வேலி)

தூளாவதற்கும் கொஞ்சம் நேரம் பிடிக்கும். சூட்சுமம் அதில்தான் இருக்கிறது. எலக்ட்ரான்களை இழந்த அணுக்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு இடம்பெயரச் சில பத்து ஃபெம்டோ நொடிகளாவது ஆகும். ஒரு ஃபெம்டோ நொடி என்பது நொடியில் பத்து கோடி கோடியில் ஒரு பங்கு. கதிர்த் துடிப்பு அதற்குள் கடந்துவிட்டால், கலையாத அமைப்பின் விளிம்பு விளைவுப் புள்ளிகள், அதாவது படிகத்தில் பட்டு விலகிய கதிர் உண்டாக்கும் புள்ளிகள், டிடெக்டரில் விழுந்துவிடும்; அமைப்பைக் கணக்கிடுவது அவற்றிலிருந்துதான். ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகக் குழு 2000-ல் இதைக் கணக்குப் போட்டுச் சொன்னது. கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில் எல்.சி.எல்.எஸ். என்ற எக்ஸ் கதிர் லேசர் 2009-ல் ஒளிர்ந்தது. அங்கே ஹென்றி சாப்மன் குழுவினர் ஒளிச்சேர்க்கையில் பங்கேற்கும் ஃபோட்டோசிஸ்டம்-1 என்ற புரதத்தின் நுண்படிகங்களை வைத்து நடத்திய சோதனை 2011-ல் வெளியானது. முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகள் எடுத்தார்கள். அமைப்பைக் கட்ட உதவியவை பதினைந்தாயிரம் சொச்சம்தான்.

கேள்வி: மூலக்கூறின் அசைவைக் காட்டும் ‘மூலக்கூறு சினிமா’ என்று செய்திகளில் வருகிறதே, ஒரே மூலக்கூறைத்தான் தொடர்ந்து படம் பிடிக்கிறார்களா? மாதிரி எவ்வளவு வேண்டும்?
(வேதியியல் ஆசிரியர், தஞ்சாவூர்)

இல்லை. ஒவ்வொரு பதிவும் ஒரு தனிப் படிகம், ஒரே முறை. ஒவ்வொன்றும் எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்பதைக் கணினி கண்டறிந்து, ஆயிரக்கணக்கான பதிவுகளைச் சேர்த்தால்தான் சினிமாவின் ஒரு சட்டகம் கிடைக்கும்.

மாதிரி விஷயம்தான் இந்தச் சோதனையின் கழுத்தைப் பிடிப்பது. சுமார் 50 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) உள்விட்டமுள்ள கண்ணாடிக் குழாய் வழியே படிகக் கலவை வரும். குழாய் முனையான நாசிலில் சுற்றிப் பாயும் ஹீலியம் வாயு அதை நெருக்கி, 4, 5 மைக்ரான் தடிமனுள்ள தாரையாக்கும். தாரையின் வேகம் நொடிக்குச் சுமார் 10 மீட்டர், எல்.சி.எல்.எஸ். துடிப்போ நொடிக்கு 120. அடுத்த துடிப்பு வருவதற்குள் 8 செ.மீ. தாரை ஓடிவிடுகிறது, கதிர் தொடுவது அதில் சில மைக்ரான் மட்டுமே. நிமிடத்துக்கு 10 மைக்ரோலிட்டர் வீதம் செலவழித்தும் கிட்டத்தட்ட எல்லாமே வீண். செல் சவ்வில் இருக்கும் புரதங்களைப் பற்பசைப் பதத்திலுள்ள கொழுப்புக் கலவையில் வைத்து மெல்லப் பிதுக்கினால் செலவு பல மடங்கு குறையும்.

குழாய் அடைத்துக்கொள்வது அன்றாடத் தலைவலி. அதனால் கலவையை முன்கூட்டியே வடிகட்டி பெரிய படிகங்களை எடுத்துவிட வேண்டும். சிரிஞ்சை மெல்லச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும்; நிறுத்தினால் படிகம் அடியில் தங்கி, முதலில் வெறும் நீரும் பிறகு கெட்டிக் குழம்புமாக வரும். தொடங்கும்போது முதலில் வாயு, அடுத்து நீர், கடைசியில் மாதிரி. நிறுத்தும்போது வாயுவைக் கடைசியாகத்தான் மூட வேண்டும். வெற்றிடத்தில் தாரை தடுமாறினால் நாசில் முனையில் பனி ஊசி வளரும். அது கதிரின் பாதைக்குள் நீண்டுவிட்டால், பனிப்படிகத்தின் பளீர்ப் புள்ளிகள் டிடெக்டரையே சேதப்படுத்தக்கூடும். நாசிலைக் கேமராவில் பார்த்துக்கொண்டே இருக்க ஒருவர் கட்டாயம் வேண்டும்.

படிகத்தை அடர்த்தியாகப் போட்டால் நல்லதுதானே என்று தோன்றும். ஒரே துடிப்பில் இரண்டு மூன்று படிகங்கள் மாட்டினால் புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, பிரிப்பது கடினமாகிவிடும்.

கேள்வி: ஒரு வினை தொடங்கி இத்தனை ஃபெம்டோ நொடி ஆனது என்று எப்படித் துல்லியமாகச் சொல்கிறார்கள்?
(பொறியாளர், கோவை)

முதலில் சாதாரண ஒளி லேசர் வினையைத் தூண்டும். பிறகு எக்ஸ் கதிர் வரும். இடைவெளியை மாற்றக் கண்ணாடியை நகர்த்துவார்கள். ஒளி போய்த் திரும்புவதால், கண்ணாடி 1 மைக்ரான் நகர்ந்தாலே 6.7 ஃபெம்டோ நொடி வித்தியாசம். ஆனால் எக்ஸ் கதிர் வந்து சேரும் நேரமே துடிப்புக்குத் துடிப்பு நூறு ஃபெம்டோ நொடி அளவில் தள்ளாடும். அதனால் மெல்லிய சிலிக்கான் நைட்ரைடு சவ்வு ஒன்றைப் பாதையில் வைக்கிறார்கள். எக்ஸ் கதிர் பட்டதும் அதன் ஒளியியல் பண்பு சட்டென்று மாறும். அந்த மாற்றத்தை லேசர் ஒளியின் நிறமாலையில் படித்து, ஒவ்வொரு பதிவுக்கும் உண்மையான நேரத்தை எழுதி, பின்னர் வரிசைப்படுத்துகிறார்கள்.

தூண்டும் லேசரின் வலிமையில்தான் பெரிய ஆபத்து. அதிகமானால் மூலக்கூறு ஒரு ஃபோட்டானுக்கு (ஒளித்துகளுக்கு) பதில் இரண்டு மூன்றை விழுங்கி, வெயிலில் ஒருபோதும் நடக்காத வினையைக் காட்டும். எனவே லேசர் வலிமையை மாற்றி மாற்றி எடுத்த ஒப்பீடு இல்லாத கட்டுரையை எச்சரிக்கையோடுதான் வாசிக்க வேண்டும். லேசர் அணைத்த பதிவுகளும் இடையிடையே இருக்க வேண்டும். தாரை வழியே ஒளி கசிந்து, அடுத்த படிகம் முன்கூட்டியே தூண்டப்பட்டதா என்பது அவற்றில்தான் தெரியும்.

கேள்வி: இந்தியாவில் இந்தச் சோதனைக்கு வசதி உண்டா?
(ஆய்வு மாணவர், சென்னை)

இந்தூரின் இண்டஸ்-2 சின்க்ரோட்ரான், எலக்ட்ரான்களை வட்டப் பாதையில் சுழலவிட்டு எக்ஸ் கதிர் எடுக்கும் வேறு வகை; அதன் துடிப்புகள் ஃபெம்டோ நொடி வேலைக்கு மிக நீளம். எல்.சி.எல்.எஸ்., ஜப்பானின் சாக்லா, ஜெர்மனியின் ஐரோப்பிய எக்ஸ்.எஃப்.இ.எல். ஆகிய எக்ஸ் கதிர் லேசர் நிலையங்களுக்கு விண்ணப்பிக்கலாம். நிபுணர் குழு தேர்ந்தெடுத்து நேரம் ஒதுக்கும். எல்.சி.எல்.எஸ்.ஸில், முடிவுகளை வெளியிடுகிற ஆய்வுக்குக் கட்டணம் இல்லை. விண்ணப்பத்திலேயே படிகத்தின் அளவு, அடர்த்தி, மொத்தக் கொள்ளளவு ஆகியவற்றை எழுதுங்கள். உங்கள் கலவை நாசிலில் அடைக்காமல் ஓடுகிறதா என்பதை இங்கேயே ஓட்டிப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.