பெண்கள் ஆட்சிக்கு வந்தால் அரசின் அடக்குமுறை குறையுமா?

அப்படித் தானாகக் குறையாது என்றுதான் நினைக்கிறேன். நான் தருமபுரி மாவட்டத்து அரூர்ப் பக்கத்துக்காரி. எங்கள் பக்கத்து வாச்சாத்தி கிராமத்தில் நடந்ததை ஒதுக்கிவைத்துவிட்டு இதற்குப் பதில் சொல்ல எனக்கு மனம் வராது.

1992 ஜூன் 20. சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கிற அந்தப் பழங்குடி ஊருக்குள் சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை மூன்றும் சேர்ந்து புகுந்தன. ஆண்கள் மலைக்கு ஓடிவிட்டார்கள். பெண்களையும் பிள்ளைகளையும் ஆலமரத்தடிக்கு இழுத்துவந்து அடித்தார்கள். 18 பெண்களை வன்புணர்ந்தார்கள். வீடுகளை நொறுக்கினார்கள், ஆடு கோழிகளையும் விடவில்லை, குடிக்கிற கிணற்றில் எண்ணெயை ஊற்றினார்கள். கடைசியில் சந்தனம் கடத்தியதாக 90 பெண்களையும் 28 குழந்தைகளையும் பிடித்துக்கொண்டுபோனார்கள்.

அப்போது முதலமைச்சர் ஜெயலலிதா. அதே ஆண்டில்தான் சென்னை ஆயிரம்விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறந்தார்கள். அது நல்ல காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் வாச்சாத்திப் பெண்கள் வாய் திறந்தபோது அரசுத் தரப்பு அப்படி எதுவுமே நடக்கவில்லை என்று சாதித்தது. நாற்காலியில் பெண் உட்கார்ந்தாலும், காக்கி செய்ததை மூடிமறைப்பதுதான் தன் மானம் என்று நினைக்கிற புத்தி அரசுக்குள் அப்படியே இருந்தது. ஓர் ஊரைப் பணியவைக்க அந்த ஊர்ப் பெண்கள்மேல் கைவைப்பது பழைய பண்ணையார் வழி. அன்று அதை அரசு ஜீப்பில் வந்தவர்கள் செய்தார்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அங்கே நேரில் போய் விசாரித்து, புகாரில் உண்மை இருக்கிறது என்று அறிக்கை கொடுத்தவரும் ஒரு பெண் அதிகாரிதான், பாமதி. அவர் எழுதியதற்கு மதிப்பு இருந்ததற்குக் காரணம், அவர் மாநில அரசின் கட்டளைக்குள் இல்லாமல் தேசியத் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆணையத்தில் இருந்ததும்தான். என் பதிலே இதுதான். அடிக்கிற கையை விசாரிக்க அந்தக் கைக்குக் கட்டுப்படாத ஆள் வேண்டும். வழக்கும் 1995இல் சிபிஐ கைக்குப் போன பிறகுதான் நகர்ந்தது.

குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் தீர்ப்புக்கு முன்பே செத்துப்போனார்கள். மிச்சமிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011இல் தருமபுரி நீதிமன்றம் சொன்னது. 2023இல் உயர் நீதிமன்ற நீதிபதி வேல்முருகன் ஊருக்கே வந்து பார்த்தார். பிறகு அந்தத் தண்டனையை உறுதிசெய்து, அன்றைய கலெக்டர், எஸ்.பி., மாவட்ட வன அலுவலர் மேலும் நடவடிக்கை எடுக்கச் சொன்னார். வன்புணர்வுக்கு ஆளான 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கவும் சொன்னார். அதற்குள் சிலர் இறந்துபோயிருந்தார்கள், அவர்கள் பங்கைக் குடும்பத்திடம் கொடுக்கச் சொல்லியிருந்தது தீர்ப்பு.