மோட்டார் சைக்கிள் விபத்து: கேட்டவையும் என் பதில்களும்

வேலை ஆஸ்பத்திரி விபத்துப் பிரிவில், தாதிய உத்தியோகத்தர். போய்வருவது கிழக்கிலங்கையின் கல்முனை வீதியில், மோட்டார் சைக்கிளில். விழுந்தவர்களையும் பார்க்கிறேன், விழுத்துகிறவர்களோடும் ஓடுகிறேன். கேள்விகள் நிறைய வந்தன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன்.

செங்கலடியிலிருந்து: அண்ணன், சந்தியில் நேராக வந்துகொண்டிருந்தேன். எதிரே வந்த வான்காரன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே வலப்பக்கம் வெட்டினான். விழுந்து கை முறிந்தது. "காணவில்லை" என்கிறான். பொய்தானே?

பெரும்பாலும் பொய் இல்லை தம்பி. அதுதான் பயங்கரம். பஸ்ஸையும் லொறியையும் தேடிப் பழகிய கண் அது. நேர் எதிரே வரும் மோட்டார் சைக்கிள் ஒடுக்கமான ஒரு கோடு; தூரத்தில் அது அசையாமல் நிற்பதுபோலவே இருக்கும். கிட்ட வந்த பிறகுதான் சட்டென்று பெரிதாகும். அதனால் உன் வேகத்தைக் குறைவாகக் கணக்குப் போட்டுத் திருப்பிவிடுகிறான். வானின் முன் கண்ணாடிக்குப் பக்கத்தில் இருக்கும் தூண் வேறு உன்னை முழுதாக மறைக்கும்.

அமெரிக்காவில் லொஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நேரில் போய் ஆராய்ந்து 1981இல் ஹரி ஹர்ட் என்பவரின் குழு அறிக்கை கொடுத்தது. இன்னொரு வாகனத்தோடு மோதியவற்றில் மூன்றில் இரண்டு, மற்றவர் வழிவிடாமல் குறுக்கே வந்ததால் நடந்தவை. ஓட்டியவருக்குத் தப்ப வழக்கமாகக் கிடைத்த நேரம் 2 செக்கனுக்கும் குறைவு. 60 கிலோமீற்றர் வேகத்தில் 2 செக்கனில் 33 மீற்றர் போய்விடுவாய்.

ஆகவே முகத்தைப் பார்க்காதே, முன் சில்லைப் பார். கண் உன் பக்கம் இருந்தாலும் மனம் போனில் இருக்கலாம். சில்லு உருளாமல் கார் வராது. சந்திக்கு முன்னரே அக்சிலேட்டரை விட்டு, விரலைப் பிரேக்கில் வை. உன் பக்கத்துக்குள்ளேயே கொஞ்சம் இடம் வலமாக நகர்ந்தால் நேர்கோட்டு மாயை உடையும். பகலிலும் டிம் லைட் எரியட்டும். பஸ்ஸை ஒட்டிக்கொண்டு சந்திக்குள் போகவே வேண்டாம். பஸ் போனதும் வெளியே வரலாம் என்று காத்திருப்பவனுக்கு, பின்னால் நீ வருவது தெரியாது.

காத்தான்குடியிலிருந்து: கடைத்தெருவில் நிற்கும் கார்களின் கதவு திடீரென்று திறக்கிறது. ஹோர்ன் அடித்துக்கொண்டே போகவா?

கதவு அகலத்துக்கு விலகிப் போங்கள். விலக இடமில்லையா, நடக்கிற வேகத்துக்கு வாருங்கள். சாரதி இருக்கையில் தலை தெரிந்தால் கதவு திறக்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

அக்கரைப்பற்றிலிருந்து: முன் பிரேக் பிடித்தால் தூக்கி எறியும் என்று வாப்பா சொல்லித் தந்தார். பின் பிரேக் மட்டும்தான் பிடிக்கிறேன். சரியா?

இல்லை தம்பி. வாப்பா பயந்தது வெடுக்கென்று பிடிப்பதற்கு. அந்தப் பயம் நியாயம். பிரேக் பிடித்ததும் பாரம் முன் சில்லுக்குப் போகிறது, பின் சில்லு இலேசாகிறது. அதனால் நிறுத்தும் சக்தியில் பெரும்பங்கு முன் பிரேக்கில்தான் இருக்கிறது. பின் பிரேக்கை மட்டும் மிதித்தால் சில்லு பூட்டி, வண்டி வாலாட்டி, நிற்காமல் போய் இடிக்கும். மேலே சொன்ன அறிக்கையிலும் இதே குறை இருக்கிறது: பின்னதை அதிகமாக மிதித்தார்கள், முன்னதைப் போதியளவு பிடிக்கவில்லை.

இரண்டையும் சேர்த்துப் பிடி. முன்னதை முதலில் மெதுவாக, பாரம் முன்னுக்கு வந்ததும் இறுக்கமாக. ஹேண்டில் நேராக இருக்கட்டும். ஆளில்லாத தார் ரோட்டில் 20, 30, 40 என்று வேகம் கூட்டிப் பழகு, ஏனென்றால் அவசரத்தில் கை பழகியதைத்தான் செய்யும். ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சில்லு பூட்டாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டி என்றால் முன் சில்லு பூட்டும் பயம் வெகுவாகக் குறையும். கடற்கரைப் பக்க ரோட்டில் மணல் படிந்திருக்கும். அதன்மேல் ஏறுவதற்கு முன் வேகத்தைக் குறைத்துவிடு, ஏறிய பிறகு பிடிக்காதே. காய்ந்த ரோட்டில் விழும் முதல் மழையும் அப்படித்தான், தூசியும் எண்ணெயும் கலந்து வழுக்கும்.

ஏறாவூரிலிருந்து: ஹெல்மெட்டோடு ஒருமுறை விழுந்தேன். வெளியே கீறல்தான். தொடர்ந்து போடலாமா?

போட வேண்டாம் நானா. அடியை வாங்குவது வெளி ஓடு அல்ல, உள்ளே இருக்கும் ரெஜிபோம், அந்த வெள்ளை நுரை அட்டை. ஒருமுறை நசுங்கினால் திரும்ப எழும்பாது, வெளியே அது தெரியவும் தெரியாது. சரியான ஹெல்மெட் மரண அபாயத்தை 42 வீதமும் தலைக்காயத்தை 69 வீதமும் குறைக்கிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்திருக்கிறார்கள். அது தலையில் பூட்டியிருக்கும் ஹெல்மெட்டுக்கான கணக்கு. பொலிசைக் கண்டதும் பெற்றோல் டாங்கியிலிருந்து தலைக்கு ஏறுகிற ஹெல்மெட்டைப் பற்றி நான் என்ன சொல்ல? நாடிப் பட்டியைப் பூட்டுங்கள், இரண்டு விரல் போகிற அளவு இடம் போதும்.

சாய்ந்தமருதிலிருந்து: அபாயாவோடு பின்னால் இருந்து போவது ஆபத்தா?

துணி சில்லிலோ செயினிலோ சிக்கினால் ஆபத்து, தங்கச்சி. சேலைக்கும் சால்வைக்கும் இதேதான். கரையைச் சேர்த்தெடுத்து மடியில் இறுக்கி வையுங்கள், சேலை காட் (துணி பின் சில்லில் சிக்காமல் மறிக்கும் தடுப்பு) இல்லாத வண்டிக்கு ஒன்று பூட்டுங்கள். உங்களுக்கும் ஹெல்மெட் வேண்டும், அது சட்டம். பிள்ளையை டாங்கியில் இருத்தி ஓட்டுவதைத் தயவுசெய்து விடுங்கள்.

களுவாஞ்சிக்குடியிலிருந்து: இரவில் ரோட்டில் படுத்திருக்கும் மாடு தெரிவதில்லை.

இது நம் ஊர் வியாதி. மழைக்காலத்தில் தரை ஈரம், தார் சூடு, மாடு ரோட்டுக்கு வருகிறது. கறுப்பு மாடு கறுத்த ரோட்டில் கண் முன்னாலேயே இருந்தும் தெரியாது. லைட் காட்டும் தூரத்துக்குள் நிற்க முடியாத வேகத்தில் போகாதீர்கள், அவ்வளவுதான். அறுவடைக் காலத்தில் பின் லைட் இல்லாத உழவு மெசின் பெட்டியும் சேர்ந்துகொள்ளும். வயல்காரர்களே, பின்னால் ஒரு சிவப்பு ரிஃப்ளெக்டர் ஒட்டுங்கள், பெரிய செலவில்லை.

வாழைச்சேனையிலிருந்து: மச்சான் விழுந்தபோது உடனே தூக்கி ஓட்டோவில் போட்டோம். டொக்டர் ஏசினார். வேறென்ன செய்வது?

1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ், காசில்லை. வரும்வரை, அந்த இடத்தில் இன்னொரு வாகனம் வந்து ஏறாமல் யாரையாவது நிறுத்திக் கையைக் காட்டச் சொல்லுங்கள். கழுத்து எலும்பு முறிந்தவரைக் கையிலும் காலிலும் பிடித்துத் தூக்கி ஓட்டோவில் மடித்து வைத்தால், நடக்க முடிந்திருக்கக்கூடியவர் நடக்க முடியாமல் போகலாம். மூச்சு இருந்தால் ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டாம். மூச்சு இல்லை என்றால் கழற்றத்தான் வேண்டும்: ஒருவர் கழுத்தையும் தலையையும் அசையாமல் பிடிக்க, மற்றவர் மெதுவாக இழுக்க வேண்டும். இரத்தம் ஓடும் இடத்தில் சுத்தமான துணியை வைத்து அழுத்துங்கள், அடிக்கடி எடுத்துப் பார்க்காதீர்கள்.

அப்புறம் அந்தச் சோடா! விழுந்தவன் வாயில் சோடாவோ தண்ணீரோ ஊற்றாதீர்கள். மயக்கத்தில் சுவாசப் பைக்குள் போகும், சத்திரசிகிச்சைக்கும் இடைஞ்சல். காயத்தில் கோப்பித்தூள் வேண்டாம். சிறிய உராய்வு என்றால் சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும், பிறகு ஏற்பு (டெட்டனஸ்) ஊசி.

கல்லடியிலிருந்து: விழுந்து எழும்பி வீட்டுக்கு வந்துவிட்டேன். நேற்று ஒன்றுமில்லை, இன்று தலையிடி கூடுகிறது.

இதை வாசிப்பதை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள், நீங்கள் ஓட்டாமல் இன்னொருவரோடு. மண்டைக்குள் மெல்லக் கசியும் இரத்தம் ஆரம்பத்தில் ஒன்றும் காட்டாது. தலையிடி கூடுதல், வாந்தி, தூக்கக் கலக்கம், பேச்சுக் குழறல், ஒரு கண்மணி மற்றதைவிடப் பெரிதாதல், வலிப்பு: இவற்றில் ஒன்று வந்தாலும் காத்திருக்கக் கூடாது.

திருக்கோவிலிலிருந்து: இடித்தவர் "பொலிஸ் வேண்டாம், கதைத்து முடிப்போம்" என்கிறார்.

காயம் இருந்தால் முறைப்பாடு போடுங்கள். அந்தப் பதிவு இல்லாமல் இன்சூரன்ஸில் பேச முடியாது. உங்கள் மூன்றாம் தரப்புக் காப்புறுதி உங்கள் வண்டியைத் திருத்தித் தராது என்பதும் பலருக்கு இடித்த பிறகுதான் தெரிகிறது. வாகனங்களை நகர்த்துவதற்கு முன் நாலு பக்கமும் போட்டோ எடுத்து வையுங்கள்.

பொத்துவிலிலிருந்து: விபத்துக்குப் பிறகு ஓட்டப் பயமாக இருக்கிறது.

இருக்கும். காயம் ஆறி, டொக்டர் சரி என்ற பிறகு, விடியற்காலையில் வெறும் ரோட்டில் கொஞ்சத் தூரம் ஓடுங்கள். விபத்து கனவில் வந்து தூக்கமில்லாமல் வாரக்கணக்கில் போனால் ஆஸ்பத்திரி மனநலப் பிரிவில் கதையுங்கள், அதற்கும் மருந்து உண்டு.