எம்.எஸ்.டபிள்யூ (சமூகப்பணி முதுகலை) முடித்திருக்கிறேன். குடிநோய் கவுன்சலராக வேலை செய்ய ஒரு மாதச் சான்றிதழ்ப் பயிற்சி போதுமா?

போதாது. பதினோரு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். நானும் எம்.எஸ்.டபிள்யூ முடித்த கையோடு, சில வாரப் பயிற்சிச் சான்றிதழை வைத்துக்கொண்டு ஒரு மறுவாழ்வு மையத்தில் சேர்ந்தவள்தான்.

சேர்ந்த இரண்டாவது மாதம், ஐம்பது வயதுக்காரர் ஒருவரை அவர் மனைவி கூட்டி வந்தார். குடியை நிறுத்தி மூன்றாம் நாள். சட்டைக் கையைத் தட்டித் தட்டி விட்டுக்கொண்டே இருந்தார். "எறும்பு ஏறுதும்மா" என்றார். சட்டையில் ஒன்றுமே இல்லை. மனநோய் போலிருக்கிறது, அடுத்த வாரம் மனநல டாக்டரைப் பாருங்கள் என்று அனுப்பிவிடப் பார்த்தேன். அங்கிருந்த நர்ஸ் அக்காதான் அவரைக் கையை நீட்டச் சொல்லி விரல் நடுக்கத்தைப் பார்த்தார். நெற்றி வியர்வையைத் தொட்டுப் பார்த்தார். இன்று என்ன கிழமை என்று கேட்டதற்கு அவர் திருதிருவென்று விழித்தார். உடனே ஆம்புலன்ஸ். தினமும் நிறையக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் வரக்கூடிய டெலிரியம் ட்ரெமென்ஸ் என்ற குழப்ப நிலை அது. விட்டால் உயிரே போகும். என் வகுப்பில் அது ஒரே வரியாக வந்து போயிருந்தது.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். மனச்சோர்வில் தூக்கம் வராமல் குடிக்க ஆரம்பித்தவருக்குக் குடியை மட்டும் நிறுத்தி வீட்டுக்கு அனுப்பினால், பழைய சோர்வு அங்கேயேதான் இருக்கும். அதனால் குடிநோய், மனநோய் இரண்டையும் சேர்த்துக் கற்றுத்தரும் இடமாகப் பாருங்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டமே மது, போதைப்பொருளால் வரும் மனநிலைகளை மனநோய்க்குள்தான் சேர்த்திருக்கிறது. மனநல சமூகப் பணியாளர் என்றால் இரண்டு வருட முழுநேர எம்.ஃபில், அதுவும் மேற்பார்வையோடு நோயாளிகளைப் பார்த்துப் பழகியது என்று அதே சட்டம் சொல்கிறது. மனநல மருத்துவம் கற்றுத்தரும் மத்திய அரசு நிறுவனமான பெங்களூரு நிம்ஹான்ஸை நுழைவுத் தேர்வு எழுதியாவது முயன்று பாருங்கள். சென்னையில் இருக்கிறீர்கள் என்றால், கணவரைக் குடிக்கு இழந்த சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய, குடிநோய்க்குச் சிகிச்சை தரும் டி.டி.கே. மருத்துவமனையில் என்னென்ன பயிற்சி நடக்கிறது என்று விசாரியுங்கள்.

எங்கே சேர்ந்தாலும் ஒன்று மட்டும் கேளுங்கள்: நான் நோயாளியிடம் பேசுவதை யாராவது கூட உட்கார்ந்து கேட்டுத் திருத்துவார்களா? எனக்கு அது அப்புறம்தான் கிடைத்தது. ஒரு பயிற்சியில் என்னைக் குடிப்பவராக உட்காரவைத்து, மற்றவர்களை வரிசையாக "ஏன் குடிக்கிறீங்க?" என்று கேட்கச் சொன்னார்கள். மூன்றாவது ஆளிடமே பொய் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். அடுத்து பயிற்சியாளர் வந்து, "குடிக்கிறதுல உங்களுக்கு என்ன பிடிச்சிருக்கு?" என்றார். நடிப்புதான் என்றாலும் மனசு திறந்து பேசினேன். மில்லர், ரோல்னிக் என்ற உளவியலாளர்கள் வளர்த்தெடுத்த ஊக்க நேர்காணல் முறை இது; மாற வேண்டும் என்ற எண்ணத்தை அவர் வாயாலேயே வரவைப்பது. புத்தகத்தில் படித்தபோது எனக்கு ஒட்டவே இல்லை.

இன்னொன்று, "அவருக்குத் தெரியாம சாப்பாட்டுல மாத்திரை கலந்து கொடுக்கலாமா?" என்று வீட்டுப் பெண்கள் வேலையில் சேர்ந்த முதல் வாரமே உங்களிடம் கேட்பார்கள். அவர்கள் கேட்பது பெரும்பாலும் டைசல்ஃபிரம், குடித்தால் உடம்பு ஒத்துக்கொள்ளாமல் செய்யும் மாத்திரை. அது உள்ளே இருக்கும்போது குடித்தால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். கூடவே கூடாது என்று காரணத்தோடு சொல்ல உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

படிப்பில் இடம் கிடைக்கும்வரை சும்மா இருக்காதீர்கள். குடியை விட்டவர்களும் விட நினைப்பவர்களும் கூடிப் பேசும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பின் திறந்த கூட்டங்களுக்கு யார் வேண்டுமானாலும் போகலாம், கட்டணம் கிடையாது. பின் வரிசையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் கேட்டுவிட்டு வாருங்கள்.