ஆறாத கோபத்துக்கு ஆங்கிலத்தில் எது துணை?

கேள்வி: ஒரு சிறுகதையை ஆங்கிலத்தில் பெயர்த்துக்கொண்டிருக்கிறேன். '15 ஆண்டுகளாக அண்ணன்மேல் கறுவிக்கொண்டிருந்தாள்' என்று ஒரு வரி. 'வெரி ஆங்ரி' என்றால் சண்டை நேற்று நடந்ததுபோல் இருக்கிறது. 'கீப்பிங் ஆங்கர்' என்று எழுதிப் பார்த்தேன், அதுவும் ஒட்டவில்லை. என்ன எழுதலாம்?
- ஒரு வாசகி

பதில்: என் முதல் மொழிபெயர்ப்பில் நானும் 'கீப்பிங் எ பிக் ஆங்கர்' என்றுதான் எழுதினேன் அம்மா. திருத்தியவர் ஓரத்தில் சிவப்பு மையால் 'எங்கே, பையிலா?' என்று கேட்டிருந்தார். அன்றிலிருந்து கோபத்துக்கு அகராதியில் பொருள் பார்ப்பதை விட்டு, அது எந்தச் சொல்லோடு வந்து நிற்கிறது என்று பார்க்கத் தொடங்கினேன்.

உங்களுக்கு வேண்டிய பெயர்ச்சொல் 'கிரட்ஜ்', மனதில் வைத்திருக்கும் பகை. அதற்கு 'கீப்' பொருந்தாது. 'ஹோல்ட்', 'பேர்', 'ஹார்பர்', 'நர்ஸ்' ஆகிய நான்கும் பொருந்தும். ஆனால் நான்கும் ஒன்றல்ல. 'ஹோல்ட் எ கிரட்ஜ்' அன்றாடப் பேச்சு. 'பேர்' பெரும்பாலும் மறுப்பில் வரும்: 'ஐ பேர் ஹிம் நோ கிரட்ஜ்', அவன்மேல் எனக்கு வருத்தம் ஏதுமில்லை. 'ஹார்பர்' தேடப்படும் குற்றவாளிக்கு வீட்டில் இடம் கொடுப்பதற்கும் வரும் சொல். ஆகவே வெளியே தெரியாமல் வைத்திருக்கும் பகைக்குப் பொருந்தும். 'நர்ஸ்' என்பதோ குழந்தைக்குப் பாலூட்டுவதற்கும் நோயாளியைப் பேணுவதற்கும் உரிய சொல். ஆற விடாமல், தினமும் எடுத்துச் சீராட்டி வளர்க்கும் கோபம் அது. நம் 'கறுவுதல்' அதற்கு மிக அருகில் வருகிறது.

('கறுப்பும் சிவப்பும் வெகுளிப் பொருள' என்கிறது தொல்காப்பியம். சிவப்பு சட்டென்று முகத்தில் ஏறும் கோபம், கறுப்பு உள்ளே தங்கிவிடும் கோபம் என்று நானாக நினைத்துக்கொள்வதுண்டு. இலக்கணம் தெரிந்தவர்கள் மன்னிக்க வேண்டும்.)

கதையில் பின்னால் 'ரிசென்ட்மென்ட்', அதாவது மனக்கசப்பு, தேவைப்படலாம். அதற்கு முன்னால் 'சிம்மரிங்' போட்டால் கொதி வராமல் அடியில் சலசலக்கும் நீர். 'ஸ்மோல்டரிங்' போட்டால் நம் நீறுபூத்த நெருப்பேதான். 'சீதிங்' என்பது கொதிநிலை. பழைய ஆங்கிலத்தில் அந்த வினைக்குக் கொதிக்கவைப்பது என்றே பொருள். 15 ஆண்டுகள் எவராலும் அப்படிக் கொதித்துக்கொண்டிருக்க முடியாது, ஆகவே உங்கள் கதாநாயகிக்கு அது வேண்டாம். 'டீப்-சீட்டட்' வேரோடிய கோபத்துக்கு. அதில் வருவது உட்காரும் 'சீட்', விதை அல்ல. ஆங்கிலம் பிறப்பு மொழியானவர்களே விதை என்று எழுதித் தவறுகிறார்கள். 'பென்ட்-அப் ஆங்கர்' அடைத்துவைத்த கோபம். அதைப் போட்டால், எப்போது உடையும் என்று வாசகர் காத்திருக்க ஆரம்பித்துவிடுவார். கதையில் உடையவில்லை என்றால் போடாதீர்கள்.

'ரேஜ்', 'ஃப்யூரி' இரண்டும் பெரும்பாலும் திடீர்க் கோபத்துக்கு. விட்டுவிடலாம்.

இன்னொன்று: 'கிரட்ஜ்' வந்தால் அடுத்து 'அகெய்ன்ஸ்ட்'. 'ஆன்' அல்ல. தமிழின் 'மேல்' நம் கையைப் பிடித்து அங்கே இழுக்கும்.

உங்கள் வரியை நான் எழுதினால்: 'ஷீ ஹேட் நர்ஸ்ட் எ கிரட்ஜ் அகெய்ன்ஸ்ட் ஹர் பிரதர் ஃபார் ஃபிஃப்டீன் இயர்ஸ்.' ஆனால் அந்த அண்ணனுக்கு இது தெரியுமா என்று நீங்கள் சொல்லவில்லை. தெரியாது, அவள் சிரித்துப் பேசிக்கொண்டே இருந்தாள் என்றால் 'நர்ஸ்ட்' இருந்த இடத்தில் 'ஹார்பர்ட்' வையுங்கள். தெரியும், அவனும் அப்படித்தான் என்றால் 'கிரட்ஜ்' போதாது; 'தேர் வாஸ் பேட் பிளட் பிட்வீன் தெம்', இருவருக்கும் இடையே பகை இருந்தது, என்று வரியையே மாற்ற வேண்டியிருக்கும்.