ராக் இசைக்குழுக்கள் ஏன் உடைகின்றன, ஏன் மறுபடி சேர்கின்றன?

குழு பிரிவது என்றால், உறுப்பினர்கள் சேர்ந்து பாட்டு உருவாக்குவதையும் மேடை ஏறுவதையும் நிறுத்திவிடுவது. வெளியே தெரிவது கோபதாபம்தான். ஆனால் அடியில் பெரும்பாலும் கிடப்பது, பாட்டு யாருடையது என்ற கேள்வி. பாட்டு எழுதியவராகப் பதிவானவருக்கு அது ஒலிபரப்பாகும்போதெல்லாம் உரிமைத்தொகை வரும். அதற்கு உயிர் கொடுத்த டிரம்ஸ் கலைஞருக்கு அந்தப் பங்கு இல்லாமல் போகலாம். நாலு பேர் சேர்ந்து கட்டிய வீட்டின் பத்திரம் ஒருவர் பெயரில் மட்டும் இருப்பது போல.

அப்புறம் குழுவின் பெயர். 1985இல் பிரிட்டிஷ் ராக் குழுவான பிங்க் ஃபிளாய்டை விட்டு விலகிய ரோஜர் வாட்டர்ஸ், குழு அதோடு முடிந்தது என்றார். குழுவில் இருந்த டேவிட் கில்மரும் நிக் மேசனும் அதே பெயரில் தொடர்ந்தார்கள். வழக்கறிஞர்கள் வரை போன சண்டை 1987இல்தான் உடன்பாடானது. மாறாக, பாடல்களை எல்லோர் பெயரிலும் பதிவுசெய்த ஆர்.இ.எம். குழு 2011இல் சண்டையின்றிக் கலைந்தது. பாடல்களை இப்படி எல்லோர் பெயரிலும் பதிவதே எனக்குச் சரியான வழியாகப் படுகிறது.

மறுபடி சேர்வதற்குக் காரணம் எளிது: தனித்தனியாகப் பாடினால் வராத கூட்டம், பழைய கூட்டணிக்கு வரும்.

ஒரே மேடையில் நின்றாலே பகை தீர்ந்து குழு திரும்பிவிட்டது என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் 2005இல் லண்டனில் நடந்த லைவ் 8 என்ற இசை நிகழ்ச்சியில் வாட்டர்ஸ் பிங்க் ஃபிளாய்டோடு வாசித்தார், குழுவுக்குத் திரும்பவில்லை.