டொலேடோவின் கழுகு ஐஸ்கிரீம் சாப்பிட்டது ஏன்?

கேள்வி: டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் எல்லோருக்கும் முன்பாக மலையுச்சியை எட்டிய ஸ்பெயின் வீரர் ஒருவர், அங்கே ஐஸ்கிரீம் சாப்பிட்டபடி மற்றவர்களுக்காகக் காத்திருந்தாராமே. உண்மையா, கட்டுக்கதையா?
– ஒரு வாசகர், போடிநாயக்கனூர்

பதில்: உண்மைதான். அவர் 'டொலேடோவின் கழுகு' என்று பெயர் பெற்ற ஃபெடரிக்கோ பஹமோன்டஸ். ஆனால் இந்தக் கதையை எல்லோரும் பாதியிலேயே நிறுத்திவிடுகிறார்கள் என்பதில் எனக்கு வெகுநாளாக மனக்குறை உண்டு. 1954இல், அவருடைய முதல் டூரில், ரொமேயேர் கணவாய்க்கு ஏறும் வழியில் கார் ஒன்று தெறிக்கவிட்ட கல் பட்டு அவருடைய சக்கரத்தில் இரண்டு கம்பிகள் ஒடிந்துவிட்டன. அந்தச் சக்கரத்தோடுதான் முதல் ஆளாக உச்சிக்கு வந்தார். அதை வைத்துக்கொண்டு கீழே பாய முடியாது. உதவிக்கு வர வேண்டிய அணியின் காரோ பின்னால் எங்கோ இருக்கிறது. உச்சியில் ஐஸ்கிரீம் விற்றுக்கொண்டிருந்தார்கள், வாங்கிச் சாப்பிட்டார். அன்று முதல் திமிர் பிடித்தவர் என்று பெயர் ஒட்டிக்கொண்டது.

சக்கரம் நன்றாக இருந்திருந்தாலும் அவர் தயங்கித்தான் இறங்கியிருப்பார் என்பது வேறு விஷயம். இளவயதில் ஓர் இறக்கத்தில் கள்ளிப்புதருக்குள் விழுந்தவர் அவர். அந்தப் பயம் கடைசிவரை போகவில்லை. ஏறும்போது சேர்த்த நிமிடங்களை இறங்கும்போது தொலைப்பது அவருக்கு வாடிக்கையாயிற்று. ஐஸ்கிரீமை நினைவு வைத்திருக்கும் உலகம் இந்தப் போராட்டத்தையும் கொஞ்சம் நினைவில் வைத்திருக்கலாம்.

கேள்வி: மலையில் அவரை யாராலும் தொட முடியவில்லை என்கிறீர்கள். பிறகு ஏன் டூரை ஒரே ஒருமுறைதான் வென்றார்?
– ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: உங்கள் ஊர்ச் சாலையில் சைக்கிள் மிதித்தவர்களுக்குப் பாதி விடை தெரிந்திருக்கும். செங்குத்தான ஏற்றத்தில் வேகம் குறைவு. காற்று பெரிய எதிரி இல்லை. உடலின் எடையோடுதான் சண்டை. எடைக்கு ஏற்ற வலு யாருக்கு அதிகமோ அவர் முந்துவார். சமவெளியில் கதையே வேறு. அங்கே காற்றைக் கிழிக்க வேண்டும். எடை கூடினாலும் மொத்த வலு மிகுந்த வீரர்களுக்கு அது சாதகம். டூரிலோ மலை நாட்களைவிட மற்ற நாட்கள்தான் அதிகம். தனியாகக் கடிகாரத்தோடு ஓட்டும் கட்டங்களும் உண்டு.

ஆரம்ப ஆண்டுகளில் பஹமோன்டஸ் உச்சிகளில் கிடைக்கும் புள்ளிகளிலேயே குறியாக இருந்தார். உச்சி வந்துவிட்டால் அவருக்குப் பந்தயம் முடிந்த மாதிரி. அந்தப் போக்கை மாற்றியவர் இத்தாலியின் மாபெரும் வீரர் ஃபாஸ்டோ கோப்பி. 1959இல் பஹமோன்டஸ் அவருடைய பெயர் தாங்கிய அணிக்கு வந்தபோது, 'உன்னால் டூரையே வெல்ல முடியும்' என்று நம்பவைத்தார்.

அந்த ஆண்டு ப்யூய் டி டோம் என்ற பழைய எரிமலையில் கடிகாரத்துக்கு எதிரான தனி ஓட்டம் நடந்தது. நிமிர்ந்து உட்கார்ந்து, கைகளை ஹேண்டில்பாரின் மேற்பகுதியில் லேசாக வைத்தபடி ஏறுவது அவர் பாணி. அழகு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அன்று, மலையில் அவருக்கு நிகரான சார்லி கோலையே சுமார் ஒன்றரை நிமிடம் பின்தள்ளினார். இரண்டு கட்டங்கள் கழித்து கிரனோபிளில், மொத்த நேரத்தில் முன்னிலை வகிப்பவர் அணியும் மஞ்சள் ஜெர்சி கிடைத்தது. பந்தயம் முடிந்த பாரிஸில், இரண்டாவதாக வந்த பிரெஞ்சு வீரர் ஆன்ரி ஆங்லாடைவிட 4 நிமிடம் 1 விநாடி முன்னிலை. டூரை வென்ற முதல் ஸ்பானியர் அவர்தான்.

இதில் பிரெஞ்சுக்காரர்களின் உட்பூசலுக்கும் பங்கு உண்டு. பிரான்ஸின் தேசிய அணி வீரர்களான அன்கெத்திலும் ரிவியேரும், பிராந்திய அணிக்காக ஓட்டிய ஆங்லாட் ஜெயிப்பதைவிட ஸ்பானியர் ஜெயிப்பதே மேல் என்று நினைத்ததாகப் பரவலாகச் சொல்வார்கள். பாரிஸ் மைதானத்தில் சொந்த மக்களே அந்த இருவரையும் சீழ்க்கையடித்து ஏசினார்கள். அதனால் பஹமோன்டஸின் வெற்றி மலிவானது என்று வாதிடுபவர்களோடு நான் உடன்படமாட்டேன். ப்யூய் டி டோமில் அவருக்காக வேறு யாரும் மிதிக்கவில்லை.

என் மனதுக்கு நெருக்கமானது, அவர் தோற்ற 1963. வயது 35; மஞ்சள் ஜெர்சி அவர் உடம்பில். ஃபோர்க்லாஸ் கணவாயின் அடிவாரத்தில் அன்கெத்திலின் சைக்கிள் 'பழுதாகிவிட்டது'. பழுதானால் மட்டுமே சைக்கிளை மாற்றலாம் என்பது விதி. அன்கெத்திலின் அணி மேலாளர் ஜெமினியானியின் ஏற்பாட்டில் கியர் கம்பி வெட்டப்பட்டிருந்தது. ஏற்றத்துக்கென்றே தயாரான இலகுவான சைக்கிளில் ஏறிக்கொண்ட அன்கெத்தில் விடாமல் ஒட்டிக்கொண்டு, ஷாமனியில் முந்தி, ஜெர்சியையும் பறித்துக்கொண்டார். பஹமோன்டஸ் இரண்டாமிடம். கெட்டிக்காரத்தனம் என்று இதைப் புகழ்ந்து எழுதுகிறார்கள். எனக்கு இன்றும் ஆறவில்லை.

கேள்வி: மலை வீரர்களுக்கான சிவப்புப் புள்ளி ஜெர்சியை அவர் எத்தனை முறை அணிந்தார்?
– ஒரு மாணவர், ஏற்காடு

பதில்: ஒருமுறைகூட இல்லை. மலைப் பிரிவில் 1954, 1958, 1959, 1962, 1963, 1964 என ஆறு முறை முதலிடம் பெற்றார். ஆனால் அந்த ஜெர்சி அறிமுகமானதே 1975இல்தான். 2013இல் பிரெஞ்சு நாளேடு 'லெகிப்' அமைத்த நடுவர் குழு, டூர் வரலாற்றின் தலைசிறந்த மலையேற்ற வீரராக அவரைத் தேர்ந்தெடுத்தது. அப்போது அவருக்கு வயது 85. 2023 ஆகஸ்டில் காலமானார்.